முதலில் அனுப்பியது யார்?

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2018-ல் வந்த இரண்டு பொதுநல மனுக்கள் கேட்டது ஆதாரை. ஃபேஸ்புக்கில் கணக்கு தொடங்கினாலும் சரி, மின்னஞ்சல் முகவரி எடுத்தாலும் சரி, ஆதாரையோ வேறொரு அரசு அடையாள அட்டையையோ காட்ட வைக்க வேண்டும். பொய்ப் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு மிரட்டுவதும் அவதூறு பரப்புவதும் அப்போதுதான் அடங்கும் என்றார்கள் மனுதாரர்கள். அவர்களில் ஒருவர் விலங்குநல ஆர்வலர் ஆண்டனி கிளமென்ட் ரூபின். வழக்குக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

2021 பிப்ரவரி 25-ல் மத்திய அரசின் கெஜட்டில் பிறந்த பிள்ளைக்கோ ஆதாரின் ஜாடை துளியும் இல்லை. தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளில் 4(2) என்பது அதன் பெயர். வாட்ஸ்அப் மாதிரியான செயலியில் ஒரு செய்தி எத்தனை கை மாறி வந்திருந்தாலும், அதை முதன்முதலில் அனுப்பியவர் யாரென்று நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அதிகாரியோ கேட்டால் கம்பெனி சொல்லியாக வேண்டும்.

யார் பெற்ற பிள்ளை என்பதில் கொஞ்சம் தகராறு உண்டு. மின்னணு அமைச்சகம் 2018 டிசம்பர் 24-ல் டெல்லியில் வெளியிட்ட வரைவிலேயே, செய்தியை உருவாக்கியவரைத் தேடிக் கண்டுபிடிக்க வழி செய்ய வேண்டும் என்ற வரி இருந்தது. ஆனால் அந்த ஒற்றை வரிக்கு எலும்பும் சதையும் வந்தது சென்னையில்.

அந்த வருடக் கோடையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அன்றைக்கு எல்லோரையும் பிடித்திருந்த பதற்றம் புரியும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். பல்லாவரத்திலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பிய ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. காரில் இருந்த 60 வயது தாண்டிய அம்மா, அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வடநாட்டிலிருந்து பிள்ளைபிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று அதற்குப் பல நாள் முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில், ஊர்பேர் தெரியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1-ல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் மத்திய அரசு வாட்ஸ்அப்புக்குக் கடிதம் எழுதியது.

கம்பெனி அப்போது செய்த காரியங்கள் பார்வைக்கு அற்பமானவை. ஜூலை 10-ல், வேறு யாரோ அனுப்பியதைத் தள்ளிவிட்ட செய்தியின் தலைமேல் ஒரு வளைந்த அம்பும் 'ஃபார்வர்டட்' என்ற சொல்லும் முளைத்தன. அதே மாதம், இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கோ ஐந்து குழுவுக்கோ மேல் தள்ள முடியாது என்றாக்கினார்கள். 2019 ஜனவரியில் உலகம் முழுக்க அந்தக் கட்டு வந்தது. பல கை மாறிய செய்திக்கு இரட்டை அம்பு 2019 ஆகஸ்டில் வந்தது. 2020 ஏப்ரலில், அப்படி இரட்டை அம்பு விழுந்ததை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள்; பெரிதும் பரவிய செய்திகளின் ஓட்டம் அதனால் 70 சதவீதம் குறைந்ததாகக் கம்பெனியே கணக்குச் சொன்னது. கம்பெனி தன்னைப் பற்றித் தானே சொல்லும் கணக்கு, பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் யாரையும் பிடிக்காமல், யார் ரகசியத்தையும் திறக்காமல், கட்டைவிரலைக் கொஞ்சம் தாமதிக்க வைத்தே ஆன வேலை இது.

உயர் நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். வழக்கு நீதிபதிகள் எஸ்.மணிக்குமார், சுப்ரமணியம் பிரசாத் அமர்வின் முன் இருந்தது. 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் ஆதார் தீர்ப்பைச் சொன்னதுமே, தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. மனுக்களை அப்போதே முடித்து அனுப்பியிருக்கலாம். அமர்வு அனுப்பவில்லை. ஆதார் இல்லாவிட்டால் போகட்டும், சைபர் குற்றத்தை விசாரிக்கும் போலீஸ் கேட்கிற விவரத்தைக் கம்பெனிகள் ஏன் கொடுப்பதில்லை என்று வழக்கின் வாயை அகலமாக்கியது. அங்கேதான் வாட்ஸ்அப் வந்து நின்றது. 2016 ஏப்ரல் முதல் அதில் போகும் செய்தி எல்லாமே அனுப்புகிறவர் கைபேசியில் பூட்டி, பெறுகிறவர் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் இருக்கும் கம்பெனியிடம் சாவி கிடையாது. எங்களுக்கே தெரியாததை எப்படிச் சொல்வது என்றது வாட்ஸ்அப்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்றார் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி.காமகோடி. 'சக்தி' என்ற உள்நாட்டுச் செயலிச் சில்லை வடிவமைத்த குழுவின் தலைவர், தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலும் இருந்தவர். பிற்பாடு, 2022-ல், ஐஐடியின் இயக்குநரானார். 2019 ஜூலை கடைசியில் அவர் நீதிமன்றத்தில் கொடுத்த யோசனையில் பூட்டை உடைக்கவே வேண்டாம். செய்தி பிறக்கும்போதே அனுப்பியவரின் எண்ணை அதோடு சேர்த்துக் கட்டிவிடலாம். தள்ளிவிடும்போதெல்லாம் அந்தச் சீட்டும் கூடவே போகும். சீட்டை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். இல்லாவிட்டால் அதற்குத் தனிப்பூட்டு போட்டு, நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கும்படி சாவியை வாட்ஸ்அப்பிடம் கொடுக்கலாம். இன்னொன்றும் சொன்னார். தன் செய்தியை மற்றவர்களுக்குத் தள்ளலாமா கூடாதா என்பதை அனுப்புகிறவரே குறித்துவிடட்டும். கூடாது என்று குறித்ததை மீறித் தள்ளினால் தள்ளியவரே முதல் ஆள் என்று கணக்கு. இந்த இரண்டாம் யோசனை எனக்குப் பிடிக்கும். பழியை எழுதியவனோடு நிறுத்தாமல், கடத்துகிறவன் தலையிலும் வைத்த இடம் இந்த வழக்கில் இது ஒன்றுதான். பிறகு யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இணைய உரிமைக்காக வழக்காடும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் சும்மா இருக்கவில்லை. ஐஐடி பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரனின் அறிக்கையை எதிர்ப்பக்கமாக வைத்தது. அவர் கேட்டதன் சாரம் இதுதான்: செயலியையே திருத்தி வைத்துக்கொள்கிறவனுக்கு, சீட்டில் அடுத்த வீட்டுக்காரர் எண்ணை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? விவரம் தெரிந்த குற்றவாளி தப்பிவிடுவான், விவரம் தெரியாத அப்பாவி மாட்டுவான். இரண்டு ஐஐடி பேராசிரியர்கள் குறியாக்கவியலை வைத்து எதிரெதிராக நின்ற அந்த ஆகஸ்ட் மாதம், நம் நீதிமன்ற வரலாற்றில் அடிக்கடி வாய்க்கிற காட்சி கிடையாது.

வாதம் சூடு பிடிக்கும்போது ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. பல மாநிலங்களில் இதே மாதிரி வழக்குகள் இருக்கின்றன, ஒரே இடத்தில் கேளுங்கள் என்றது. ஆகஸ்ட் 20-ல் உச்ச நீதிமன்றம், சென்னையில் விசாரணை நடக்கட்டும், உத்தரவு எதுவும் போட வேண்டாம் என்றது. தமிழக அரசு மாற்றக் கூடாது என்று முதலில் மல்லுக்கு நின்றது. அதற்காக ஆஜரானவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால். அக்டோபர் 22-ல் வழக்குகள் டெல்லிக்குப் போயின. ஜனவரிக்குள் விதிகளை முடித்துவிடுவோம் என்ற மத்திய அரசு, அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

வந்த விதியைக் குறை சொல்வதற்கு முன் அதன் வேலிகளையும் சொல்ல வேண்டும். 50 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் செய்திச் செயலிகளுக்கு மட்டும்தான் இது. நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி, பாலியல் வன்கொடுமை, குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசம் போன்ற கனத்த குற்றங்களுக்குத்தான். வேறு மென்மையான வழி இருந்தால் இதைக் கையிலெடுக்கக் கூடாது. செய்திக்குள் என்ன இருந்தது என்று கம்பெனி சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆள் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் ஆள்.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சந்தேகம். பிள்ளைபிடிப்பு வதந்தியோடு 2018-ல் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்து தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவது. அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த வாலை நறுக்கிவிட்டார்கள். இதில் முதல் ஆள் யார்? படம் எடுத்தவர் நல்லது செய்தவர். நறுக்கியவர் எந்த நாட்டுக்காரரோ. இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவர், பேரப்பிள்ளையை நினைத்துப் பதறிய ஒரு தாத்தாவாகவும் இருக்கலாம். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலே கணினிக்கு அது வேறு வீடியோ. அதற்கு வேறு முதல் ஆள்.

மண்ணூர்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் அம்பத்தூர் எஸ்டேட். லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பின்னால் ஒரு ரூமில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். 2023 மார்ச் முதல் வாரம், ஹோலிக்கு முன்னால், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. டீக்கடையில் ஒரு பிரஸ் ஷாப் பையன் "அண்ணா, இது நிஜமா?" என்று கைபேசியை நீட்டினான். தலைமேல் இரட்டை அம்பு. அது அவனுக்கு இங்கே இருந்த யாரிடமிருந்தும் வரவில்லை. ஊரிலிருந்து அவன் அக்கா அனுப்பியிருந்தாள், உடனே கிளம்பி வா என்ற ஆடியோவோடு. எஸ்டேட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்கு எஸ்டேட் பற்றி எரிகிறது என்ற செய்தி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்திருந்தது. அவன் அக்காவுக்கு அனுப்பியவரைப் பிடித்து என்ன செய்வது?

வீடியோக்கள் பொய் என்று டிஜிபி சைலேந்திர பாபு தாமே பேசி வெளியிட்டார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. பரப்பியவர்களில் பெயர் அடிபட்ட யூடியூபர் மணீஷ் காஷ்யப் அந்த மாதமே பீகாரில் சரணடைந்தார். அவர் காட்டியதில் ஒன்று பாட்னாவிலேயே நடித்து எடுத்தது என்றது பீகார் போலீஸ். தமிழக அரசு அவர்மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டம்வரை போட்டது. அது அதிகம் என்பது என் எண்ணம். மதுரைக் கிளையும் நவம்பரில் அதை ரத்து செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவரைக் கண்டுபிடிக்க 4(2) தேவைப்படவில்லை என்பது. பெயரும் முகமுமாக, சந்தாதாரர்களை வைத்துக்கொண்டு பகிரங்கமாகச் செய்தவர் அவர்.

விதியை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய செய்திக்கும் கைரேகை எடுத்து வைக்க வேண்டியிருக்கும், 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்று சொன்ன அந்தரங்கம் என்னாவது என்பது அதன் வாதம். பூட்டை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் போய்விடும் என்று அதன் வக்கீல் 2024 ஏப்ரலில் சொன்னார். இந்தியாவில் மட்டும் 53 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று 2021-ல் அரசே சொன்ன செயலி அது. போகாது என்று அவருக்கும் தெரியும், நீதிபதிகளுக்கும் தெரியும். வழக்கை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

அதற்குள் கேள்விக்கே வேறு உருவம் வந்துவிட்டது. 2024 ஜனவரி 23-ல் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு மேடையில், 2018-ல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். செயற்கை நுண்ணறிவு செய்த உருவமும் குரலும். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அதிமுக எழுப்பியது. செய்தவர் யாரென்று அன்றைக்கே ஊருக்குத் தெரியும், ஒளிக்க எதுவும் இல்லை. அதே கருவி அடுத்தவர் மகளின் முகத்தை எடுத்துக்கொள்ளும்போது முதல் ஆளென்று யாரைச் சொல்வது? வார்த்தை தட்டியவரையா, செயலி விற்றவரையா, அதன் அடியில் ஓடும் மாடலைப் பழக்கிய கம்பெனியையா?

2025 அக்டோபர் 22-ல் வந்த வரைவு, அப்படிச் செய்த படத்தின் பரப்பில் 10 சதவீதத்துக்கு அறிவிப்பு ஒட்டச் சொன்னது. 2026 பிப்ரவரியில் இறுதி செய்தபோது அந்த 10 சதவீதத்தை எடுத்துவிட்டார்கள். பளிச்சென்று தெரியும் குறி வேண்டும், எங்கே செய்தது என்று காட்டும் அழியாத அடையாளம் உள்ளே பதிய வேண்டும், தொழில்நுட்பம் இடம் கொடுக்கும் அளவுக்கு என்று விதி சொல்கிறது. காமகோடி செய்தியோடு கட்டச் சொன்ன சீட்டு இப்போது படத்துக்குள் போயிருக்கிறது. மனோஜ் பிரபாகரன் அன்றைக்குக் கேட்டதும் அப்படியே நிற்கிறது: படத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தள்ளிவிட்டால் உள்ளே பதிந்தது கூட வராது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பேராசிரியர் யாரும் வேண்டாம், எங்கள் குடும்பக் குழுவில் 70 வயதுச் சித்தப்பா தினமும் எடுக்கிறார்.