முப்பது என்னும் ஒரு சொல்

எபிரேயரின் ஞானநூல்களுள் ஒன்று நீதிமொழிகள். அதன் 22ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு சொல் உரையாசிரியர்களை நெடுங்காலம் இடர்ப்படுத்தியது. ஏட்டில் எழுதப்பட்ட வடிவம் 'முன்னாளில்' என்னும் பொருள்பட நின்றது; ஓரத்தில் குறித்த பாடமோ 'மேன்மையானவை' எனக் கொள்ளப்பட்டது. இரண்டும் அவ்விடத்திற்கு நன்கு இயையவில்லை.

விடை எகிப்திலிருந்து வந்தது. 1888இல் வாலிஸ் பட்ஜ் என்பார் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலைக்காகப் பாப்பிரஸ் சுருளொன்றைப் பெற்றார். 1923இல்தான் அது முழுமையாக அச்சேறியது. அமெனெமோப் என்னும் அதிகாரி தம் மகனுக்கு உரைத்த அறவுரை அது. முப்பது இயல்களைக் கொண்டது. மறு ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ப் எர்மன், அந்த எபிரேயச் சொல்லை 'முப்பது' எனப் படிக்கலாம் என்று காட்டினார்.

எல்லைக்கல்லைப் பெயர்க்காதே, ஏழையைச் சூறையாடாதே, சினமுடையானொடு கூடாதே என இரு நூலும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும் எபிரேயப் புலவர் வெறுமனே படியெடுத்தாரல்லர். செல்வம் பறந்தோடுவதற்கு நைல் நதிக்கரையார் வாத்தை உவமித்தார். இவரோ கழுகை உவமித்தார். எனக்கு மிகவும் உவப்பான இடம் இதுவே.

எகிப்தைத் தம் முன்னோரை அடிமைகொண்ட நாடென்றே எபிரேயர் நினைந்தனர். ஆண்டுதோறும் பாஸ்கா விழாவில் அவ்விடுதலையையே கொண்டாடினர். எனினும் ஞானத்தைத் தேடுங்கால் அப்பகையை அவர்கள் பாராட்டவில்லை. சாலமோனைப் புகழ வந்த அரசர் நூலும் எகிப்தியரின் ஞானத்தையே அளவுகோலாகக் கொண்டது. கடன்கொண்டவர் எகிப்தியரே என வாதிட்டாரும் உளர். எகிப்திய நூலே முற்பட்டது என்பது பெரும்பாலார் துணிபு. இன்று விவிலிய மொழிபெயர்ப்புகள் பலவும் அவ்விடத்தில் 'முப்பது' என்றே அச்சிடுகின்றன.