கம்போசிஷன் நோட்டும் மனுக் காகிதமும்

எம்.எம்.டி.ஏ. மனை பிரித்துப் போட்ட மணலி புதுநகரில், எங்கள் தெருவிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவன் நான். முதல் வருசம் ஆங்கிலத்தில் கம்போசிஷன் என்று தனி வகுப்பு. மலைவாசஸ்தலத்துக்குப் போய்வந்ததைப் பற்றி இருநூறு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் பார்த்த உயரம் ரிஃபைனரி புகைபோக்கிதான். கைடைப் பார்த்து ஊட்டியை எழுதினேன். பத்துக்கு ஏழு. அடுத்த வாரம் 'என் தெரு' என்று தலைப்பு. கொஞ்சம் தைரியம் வந்து, குழாயடியையும் குடத்து வரிசையையும் எழுதினேன். பத்துக்கு மூன்று. ஓரத்தில் சிவப்பு மையில், இனிமையானதை எழுது என்று குறிப்பு.

அதே மாசம் பக்கத்து வீட்டு அத்தை வந்தது. "எப்பா, நீ இங்கிலீசு படிக்கிற இல்ல, தண்ணி வர்லன்னு ஒரு மனு எழுதிக் குடு. தமிழ்ல குடுத்தா தூக்கிக் கடாசிட்றானுங்க." நான் படித்த வித்தையெல்லாம் காட்டினேன். பணிவன்புடன் வேண்டி, தாங்கள் கருணை கூர்ந்து என்று ஒரு பக்கம். அத்தை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டது. "எல்லாம் சரி. எத்தினி நாளா வர்லன்னு போடவே இல்லியே? எத்தினி வூடுன்னு போடலியே?" என்றது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எனக்குக் கிடைத்த முதல் எடிட்டர் அந்த அத்தைதான், அதற்குக் கையெழுத்து போடத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம ஆட்கள் ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொண்ட வரலாற்றில் வகுப்பறையும் மனுவும் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூர் கலாசாலையில் படித்த காலத்தை அதில் சொல்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். விட்டதும் யாரும் கூட வராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியவில்லையே என்ற வருத்தம் அந்தக் கிழவருக்கு அப்போதும் ஆறவில்லை. அங்கே அவருக்கு ஆங்கிலம் வந்திருக்கும், மார்க்கும் வந்திருக்கும். ஆனால் 'நான்' என்று எழுத அந்த இடம் விட்டதா? வீட்டு விலாசத்தையே மறைக்க வேண்டியவன் தன் தெருவைப் பற்றி என்ன கட்டுரை எழுதுவான்?

மறைந்து நடந்த அதே மனிதர்தான் 1893 அக்டோபரில் சென்னையில் பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்துவார்களோ என்று பயந்தாரோ அதையே தலைப்பாக அச்சடித்தார். எழுத்தாளன் வளர்ந்தான் என்று சொல்வதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

அதே 1893-இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமென்டில் தீர்மானம் வந்தது. காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த கோரிக்கை அது. சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் எதிர்த்து மனு தயாரித்து, 3,412 பேர் கையெழுத்தோடு லண்டனுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தார்கள் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். மனுவின் கேள்வியை மட்டும் யாரும் தொடுவதில்லை. இங்கே தேர்வு வைத்தால் கலெக்டர் நாற்காலியில் எந்தச் சாதிக்காரன் உட்காருவான், சேரிக்காரன் மனு யார் கைக்குப் போகும் என்பதுதானே கேள்வி. அது கெஞ்சல் இல்லை, வாதம். அத்தை கேட்ட மாதிரி கணக்கு போட்ட எழுத்து.

இனி அம்பேத்கர். பரோடா உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே 9-ஆம் தேதி, கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்க வகுப்பில் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்றும், அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் விதவைக் கோலமும் குழந்தை மணமும் வந்தன என்றும் வாதிட்டார். தப்பென்று நிரூபித்தால் கைவிடத் தயார் என்றும் சொல்லி முடித்தார். அடுத்த வருசம் 'இந்தியன் ஆன்டிக்குவரி' அதை அச்சிட்டது. தோழர்களே, இது வகுப்புக்கு எழுதிய கட்டுரை, கம்போசிஷன்! இனிமையானதை எழுது என்று அங்கே யாராவது ஓரத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வாத்தியார் திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரூபாய்ப் பிரச்சினை பற்றிய ஆய்வேட்டை அம்பேத்கர் 1922-இல் லண்டனில் கொடுத்தபோது, திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் நிர்வாகத்தை அவ்வளவு கடுமையாகத் தாக்கியிருந்தார். அவர் பம்பாய் திரும்பி, முடிவுகளை மாற்றாமல் மறுபடி எழுதி அனுப்பினார். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் வந்தது, புத்தகமும் வந்தது. பேராசிரியர் எட்வின் கானன் அதற்கு முன்னுரை எழுதினார், தான் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் அதிலேயே எழுதினார். அப்படி ஒரு வாத்தியார் கிடைத்தால் சிவப்பு மையைத் தாங்கலாம்.

1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தங்கள் மாநாட்டுத் தலைமையுரையில் சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. அப்போது ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு நின்றது. உரையை அவரே சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. திருத்தச் சொன்னவர்களுக்கு 1923-இல் இணங்கியவரும் 1936-இல் மறுத்தவரும் ஒரே ஆள்தான். முன்னது வாதத்தைச் சொல்லும் விதத்தில் கைவைத்தது, பின்னது வாதத்தையே வெட்டச் சொன்னது. இந்த வித்தியாசத்தைக் காலேஜில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருந்தால் அந்த மூன்று மார்க்குக்காக அழுதிருக்க மாட்டேன்.

'சாதி ஒழிப்பு' மூன்றாம் பதிப்பு 1944-இல் வந்தது. கொலம்பியா வகுப்பில் வாசித்த கட்டுரையை அதோடு இணைத்துத் திருத்தி எழுத ஆசைப்பட்டதாகவும், நேரம் கிடைக்கவில்லை என்றும் முன்னுரையில் குறிப்பிடுகிறார். வகுப்பில் வாசித்து இருபத்தெட்டு வருசமாகியும் அந்தக் கட்டுரையை அவர் விடவில்லை.

என் கம்போசிஷன் நோட்டு என்னிடம் இல்லை. அத்தைக்கு எழுதிய மனுவின் நகல் இருக்கிறது. பதினோரு நாள், நாற்பத்திரண்டு வீடு.