தலை தராத நாடு

ஒட்டக்கூத்தர் கைக்கோளர். எல்லாச் சாதியையும் பாடினவர் தன் சாதியைப் பாடவில்லை என்று இனத்தார் குறைப்பட்டார்கள். பாடுகிறேன், 1,008 தலை கொண்டுவாருங்கள் என்றாராம் புலவர். கைக்கோளருக்கு நாடுகள் 72. எழுபத்தொரு நாட்டார் தலைப்பிள்ளைகளை அனுப்பினார்கள். திருமருதல் நாடு மட்டும் ஒருத்தனையும் அனுப்பவில்லை. அதனால் அந்த நாட்டை ஒதுக்கிவைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. 'ஈட்டியெழுபது' கூத்தர் பாடியதுதானா என்கிற வழக்கைப் பதிப்பாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு இனம் தன்னை 'ஒன்று' என்று சொல்லிக்கொள்ள எதை விலையாகக் கேட்கிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம்.

தர்ஸ்டன் தரும் அமைப்பு விரிவானது. மேல்நாடு 44, கீழ்நாடு 28. இவற்றுக்கு மேலே நான்கு திசைநாடுகள்: சிவபுரம், தொண்டிபுரம், விரிஞ்சிபுரம், சோளிங்கபுரம். நான்குக்கும் மேலே, காமாட்சி இருக்கிற காஞ்சிபுரம், மாநாடு. சிவபுரம் என்பது வாலாஜாபாத். நான் இருக்கிற ஓரிக்கையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். திசைக்கு ஒரு காவல் தெய்வமும் உண்டு: நந்தி, விநாயகர், சுப்பிரமணியர், பைரவர். ஆக, தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு தேசப்படமே வரைந்து வைத்திருந்தார்கள். சென்சஸ்காரன் வருவதற்கு முன்னாடியே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாதி அடையாளம் முழுக்கக் காலனிய அரசின் கட்டமைப்பு என்று ஒரு பேச்சு நம் கட்டுரைகளில் சுலபமாகப் புழங்குகிறது. முதலாம் பராந்தகன் காலத்திலிருந்தே தெரிஞ்ச கைக்கோளர் என்ற படைப்பிரிவுகள் கல்வெட்டுகளில் வருகின்றன. படையில் இருந்தவர்களும் தறியில் இருந்தவர்களும் ஒரே கூட்டம்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விஜயநகரக் காலத்துக்கு வந்தால் குழப்பம் குறைகிறது. காஞ்சி, விரிஞ்சிபுரம் கைக்கோளருக்கு இருந்த தண்டு, சங்கு உரிமைகள் தங்களுக்கும் வேண்டும் என்று மற்ற ஊர் நெசவாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள். பல்லக்கில் போகவும் சங்கு ஊதவும் நடந்த இந்தப் போராட்டத்துக்கு 'நாம் எல்லாம் ஒன்று' என்ற பேச்சு தேவைப்பட்டிருக்கிறது. சாமானியர்கள் கௌரவம் கேட்கிறபோது கூட்டம் சேர்த்துத்தான் கேட்க முடியும்.

பேர் மாறியது இருபதாம் நூற்றாண்டில். கைக்கோளர் என்பதைத் தர்ஸ்டன் கை, கோல் என்று பிரித்து நாடாவோடு சேர்க்கிறார். கல்வெட்டில் இருப்பதோ ளகரம். எழுத்து ஒன்று மாறினால் நெசவாளி வீரனாகிவிடுகிறான்! செங்குந்தர் என்ற பேரில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. குந்தம் என்றால் ஈட்டி. முருகனோடு சூரனை எதிர்த்த வீரவாகு முதலிய நவவீரர்களின் வழி என்பது புராணம். 1920களில் எழுந்த சாதிச் சங்கங்கள் இந்தப் பேரை முன்னுக்குத் தள்ளின. இன்றைக்குத் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

ஈட்டி உள்ளே வந்தபோது வெளியே போனது யார்? கைக்கோளர் குடும்பத்தில் ஒரு பெண்ணையாவது கோயிலுக்கு விடுகிற வழக்கத்தையும் அதே தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். அந்த வழக்கம் ஒழிய வேண்டியதுதான்; 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களையும் சாதியின் கதையாடலிலிருந்து துடைத்துவிட்டார்கள். தாசி மரபினர் இசை வேளாளர் என்ற வேறு பேருக்குள் போனார்கள். போர்வீரர் வம்சாவளியில் அக்காவுக்கு இடமில்லை.

இதே வேலை வேறொரு கண்டத்தில், ரொம்ப வேகமாக, நடந்தது. கென்யாவின் மேற்கில், விக்டோரியா ஏரிக்கு வடக்கே இருக்கும் லூயா மக்கள் 2019 கணக்கெடுப்பில் சுமார் 68 லட்சம். அந்த நாட்டின் இரண்டாவது பெரிய இனம். ஆனால் 1930களுக்கு முன் லூயா என்று ஒரு இனப்பேர் வழக்கில் இல்லை. புக்குசு, மரகோலி, வங்கா, தச்சோனி, இசுக்கா, சாமியா என்று பதினாறு, பதினெட்டு குழுக்கள்; பேச்சும் பல. தர்ஸ்டன் புத்தகம் வந்த அதே 1909இல் வங்கா அரசன் மும்யாவைப் பிரிட்டிஷார் தலைமை அதிபதியாக்கினார்கள். அவருடைய ஆட்களின் அதிகாரத்தை மற்றவர்கள் பொறுக்கவில்லை. 1931இல் ககமேகாவில் தங்கம் கிடைத்தது. நிலம் பறிபோகும் என்ற பயம் வந்தது. மிஷன் பள்ளியில் படித்த இளைஞர்கள் எல்லாரையும் சேர்க்க ஒரு பேர் தேடினார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்காரும் நெருப்படிக்கு 'ஒலூயா' என்று பேர். ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருகிறவர்கள் என்று ஆனார்கள். நான் பார்த்த சாதிப்பேர்கள், இனப்பேர்கள் எதிலும் இவ்வளவு அழகானது இல்லை. ஈட்டி இல்லை, வம்சம் இல்லை.

ஆனால் நெருப்படியிலும் சண்டை வந்தது. 1940களில் ஒரு மொழிக் குழு அமைத்து எல்லாருக்கும் பொதுவான எழுத்துமொழி ஒன்று உண்டாக்கப் பார்த்தார்கள். புக்குசுக்கள் ஏற்கவில்லை, வேதத்தைத் தங்கள் பேச்சிலேயே படித்துவந்த மரகோலிகளும் ஏற்கவில்லை. புக்குசுக்கள் 1895இலேயே லும்போகா, செதாம்பே கோட்டைகளில் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றவர்கள். பேருக்குச் சம்மதம், மொழியைக் கொடுக்க மாட்டோம் என்றது அவர்கள் நிலை. பொது எழுத்துமொழி நிற்கவில்லை, லூயா என்ற பேர் நின்றது. பேச்சைத் தர மறுத்தவர்களை யாரும் நெருப்படியிலிருந்து எழுப்பவில்லை.

திருமருதலுக்கு அது வாய்க்கவில்லை. காஞ்சித் தறிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசினவர்கள் உண்டு. பத்மசாலியரும் தேவாங்கரும் பட்டுநூல்காரரும் அதே பாவு, அதே ஜரிகை, அதே முதலாளியிடம் கூலி. அவர்களைச் சேர்த்து உட்கார வைக்க இங்கே ஒரு நெருப்படிப் பேர் உருவாகவே இல்லை. 'நெசவாளர்' என்ற சொல் கைத்தறித் துணியை 1953இல் தி.மு.க.வினர் தெருத்தெருவாக விற்றபோது கொஞ்ச நாள் அந்த வேலையைச் செய்தது. அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் சங்கத்துக்குத் திரும்பினார்கள்.

ஓரிக்கைக்கும் ஒரு மறுப்புக் கதை உண்டு. ராஜா தன்னைப் பாடச் சொன்னான். திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன் மாட்டேன் என்றான். நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். சீடனோடு ஆழ்வார் கிளம்பினார், பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பெருமாளும் கிளம்பினார். மூன்று பேரும் ஓர் இரவு இருந்த இடம்தான் ஓரிரவிருக்கை, ஓரிக்கை. ராஜா வந்து மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அழைத்துப் போனான். பாட மறுத்தவனுக்காகச் சாமியே ஊரைக் காலி செய்தது. பாட்டுக்குப் பிள்ளை தர மறுத்தவர்களுக்காக மாநாட்டுக் காமாட்சி அசைந்ததாகக் கதை இல்லை. ஏன் தரவில்லை என்று அவர்களை யாரும் கேட்டதாகவும் இல்லை. தர்ஸ்டன் 72 என்று கணக்கைத் தொடங்குகிறார். நாடுகளின் உட்பிரிவுகளுக்கு வரும்போது, எதுவும் சொல்லாமல், எழுபத்தொன்று என்று எழுதிவிட்டுப் போகிறார்.