மூளை, தண்டுவடப் படமெடுப்பு

மண்டையோட்டையும் முதுகெலும்பையும் திறக்காமல் உள்ளிருக்கும் நரம்புத் திசுவைக் காணும் மருத்துவ முறைகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. 1895இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது, மூளையைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். பிரான்சில் சிக்கார், ஃபாரஸ்டியே இருவரும் தண்டுவட உறைக்குள் அயோடின் எண்ணெயைச் செலுத்தினர். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளை இரத்தக்குழாய்களைப் படமாக்கினார். நோயாளிகளுக்கு இவை கடுமையான சோதனைகள்.

மூளைத் திசுவையே காட்டியது சி.டி. ஸ்கேன். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த முதல் கருவிக்கு, ஒரு படத்துக்கான 28,000 அளவீடுகளை எடுக்க ஒன்பது நாள் பிடித்தது. கணினிக்கு மேலும் இரண்டரை மணி நேரம். பாடம் செய்த மனித மூளையில் சாம்பல், வெண் பகுதிகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. அந்தத் தெளிவில், பாடம் செய்யப் பயன்பட்ட ஃபார்மலினுக்கும் பங்கிருந்தது பின்னரே தெரிந்தது. சரிபார்க்கப் புதிய காளை மூளைகள் தருவிக்கப்பட்டன. வேறுபாடு குறைந்தாலும் மறையவில்லை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் மேற்பார்வையில், மூளைக் கட்டி இருப்பதாக ஐயுற்ற ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. அறுவையின்போது கட்டி படத்தில் கண்டபடியே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இ.எம்.ஐ. வெளியிட்ட பீட்டில்ஸ் இசைத்தட்டுகளின் வருவாயே இந்த ஆய்வைத் தாங்கியது என்பது பரவலான கதை. அரசு சுகாதாரத் துறையின் பங்கே பெரிது என்பாரும் உண்டு. சி.டி.யின் கணித அடிப்படையை 1963-64இல் தனியே வெளியிட்டிருந்த ஆலன் கார்மாக்குடன் ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடுத்து வந்தது, காந்த அதிர்வைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறை. அதற்கான 2003ஆம் ஆண்டு நோபல் லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகியோருக்குச் சென்றது. கட்டித் திசுவின் காந்த அதிர்வு வேறுபடுவதை 1971இல் காட்டிய ரேமண்ட் டமாடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தார். முன்னுரிமை யாருக்கு என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. தண்டுவடத்தை நேரடியாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. முறையே வழிசெய்தது. 1990இல் செய்ஜி ஒகாவா, இரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டு மூளையின் செயல்பாட்டைக் காணும் வழியை விளக்கினார்.

அண்மை ஆய்வுகள் இரு திசைகளில் செல்கின்றன. பிரான்சின் சாக்லேயில் உள்ள 11.7 டெஸ்லா காந்தப்புல வலிமை கொண்ட எம்.ஆர்.ஐ. கருவி உயிருள்ள மனித மூளையை எடுத்த முதல் படங்கள் 2024இல் வெளியாயின. படுக்கைக்கே தள்ளிச் செல்லத்தக்க 0.064 டெஸ்லா கருவிக்கு 2020இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. முதுகெலும்புப் படங்களில் தெரிவதெல்லாம் நோயல்ல என்பதும் உறுதிப்பட்டுள்ளது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது.