கொங்கண யூதரின் மலீதா

மலீதா என்றதும் பாத்திஹா ஓதி வழங்கும் இனிப்பே நம் நினைவிற்கு வரும். அதே பெயருடைய தட்டொன்று மராட்டியக் கொங்கணக் கரையில் வாழும் பெனே இஸ்ரவேல் யூதரிடமும் உண்டு. பிசைதலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே இரண்டிற்கும் மூலம்.

அலிபாகை அடுத்த நவ்காவ் கரையில் கப்பலுடைந்து ஒதுங்கிய ஏழு இணையரின் வழிவந்தோர் தாம் என்பது அவர்தம் மரபு. செக்காட்டிப் பிழைத்தனர், சனிக்கிழமையன்று செக்கை நிறுத்தினர். ஊராரும் 'சனிவார் தேலி' என்றே அழைத்தனர். வேதச் சுவடியும் எபிரேயக் கல்வியும் கைநழுவிய பின்னரும், இறைவன் ஒருவனே என்று சாற்றும் 'ஷெமா' மட்டும் நாவில் நின்றது. கத்னாவாயினும் திருமணமாயினும் அதனையே ஓதினர். ஒரு கலிமா ஒரு சமூகத்தையே காத்து நின்ற விந்தையை என்னென்பது!

ஏனைய துதிகள் பின்னாளில், கொச்சி யூத ஆசிரியர் போன்றோர் வழியே வந்து சேர்ந்தன. மலீதாத் தட்டில் இனிப்பும் தேங்காயும் கலந்த அவலைக் குவித்துக் கனிகளைச் சூழ வைப்பர். மரத்தின் கனிக்கு ஒரு துதி, நிலத்தின் விளைவுக்கு ஒன்று, நறுமணத்திற்கு வேறொன்று. யாவும் படைத்தவனையே விளிப்பன. எபிரேயத்தில் இத்துதிக்கு 'பெராகா' என்று பெயர். நமது 'பரக்கத்'தும் அவ்வேரினதே. திருமறையின் 37ஆம் அத்தியாயம் போற்றும் இல்யாஸ் நபியையும் (அலை) அவ்வமயம் நினைந்து பாடுவர்.

1948க்குப் பின் இவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் மணவீடுகளில் மலீதாத் தட்டு வைக்கின்றனர்.