டெம்பெல்ஹோப் வானூர்தி நிலையமும் இரு வாக்கெடுப்புகளும்

ஊர்ப்பெயர் பழைய செய்தியைப் பொதிந்து வைத்திருக்கும் என்பது தமிழறிஞர் நன்கறிந்தது. பெர்லின் மாநகரின் தென்பால் உள்ள டெம்பெல்ஹோப் என்னும் பெயரும் அத்தகையதே. டெம்பிளர் எனப்பட்ட இடைக்காலக் கிறித்தவ வீரத் துறவியர்க்கு உரிய பண்ணை என்பது அதன் பொருள் என்பர். பின்னர்ப் பிரஷ்யப் படைகள் அணிவகுக்கும் திடலாயிற்று. 1909-இல் ஓர்வில் ரைட் அத்திடலில் பறந்து காட்டினார். 1923 அக்டோபரில் அது வானூர்தி நிலையமாயிற்று.

இன்று காணப்படும் பெருங்கட்டடம் எர்ன்ஸ்ட் சாகெபீல் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்தது. 1936-இல் பணி தொடங்கிற்று. போர் மூண்டமையால் முற்றுப்பெறவில்லை. வில்லென வளைந்து ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளும் அதன் பெருமையைப் பேசுவோர் பலர். அதன் பொருட்டு இடிக்கப்பட்டது யாது என வினவுவோர் சிலரே. திடலின் வடபுறத்தே கொலம்பியா இல்லம் என்னும் சிறை இருந்தது. நாசியர் ஆட்சியில் அது வதைமுகாமாக இயங்கி 1936-இல் மூடப்பட்டது. நிலைய விரிவுக்காக 1938-இல் தகர்க்கப்பட்டது. போர்க்காலத்தில் நிலையக் கூடங்களில் போர் வானூர்திகளைப் பூட்டியவருள், பிற நாடுகளினின்று வலிந்து கொணரப்பட்ட தொழிலாளர் பலர் இருந்தனர்.

இச்செய்திகள் மறைந்தமைக்குப் பிந்திய புகழே காரணம் எனலாம். 1948 சூன் 24-இல் சோவியத்து அரசு மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. இரு நாள் கழித்து அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வான்வழியே உணவும் நிலக்கரியும் கொணரலாயினர். 1949 செப்டம்பர் வரை ஏறத்தாழ 23 இலட்சம் டன் பொருள் இறங்கிற்று. அதிற் பெரும்பகுதி நிலக்கரி. டெம்பெல்ஹோப் இப்பணியின் தலைவாயில்களுள் ஒன்று. இதற்கு நினைவுச் சின்னம் 1951-இலேயே எழுந்தது. கொலம்பியா முகாமின் நினைவுச் சின்னமோ 1994-இல்தான் நிறுவப்பட்டது. அதுவும் முகாம் இருந்த இடத்திலன்றிச் சாலையின் எதிர்ப்புறத்தே. ஒரே நிலத்தின் இருவகை நினைவுக்கு இடையே 43 ஆண்டுகள்!

ஜெர்மனி ஒன்றுபட்டபின், மாநகருக்கு ஒரே பெருநிலையம் போதும் என 1996-இல் அரசுகள் உடன்பட்டன. 2008 ஏப்ரல் 27-இல் டெம்பெல்ஹோப்பைக் காக்க வேண்டி வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்களித்தோருள் 60 விழுக்காட்டினர் நிலையம் நிலைத்தல் வேண்டும் என்றனர். எனினும் வாக்குரிமையுடையோருள் நாலில் ஒரு பங்கினர் இசைதல் வேண்டும் என்பது விதி. இசைந்தவர் 22 விழுக்காட்டளவினரே. மேற்குப் பகுதியார் பெரிதும் ஆதரிக்க, கிழக்குப் பகுதியார் மறுத்தனர். மேற்கத்தியர்க்கு உயிர்காத்த வாயிலாய்த் தோன்றியது கிழக்கத்தியர் நினைவில் அவ்வாறு பதியவில்லை என்க. அக்டோபர் 30-இல் நிலையம் மூடப்பட்டது.

2010 மே மாதம் ஏறத்தாழ 300 எக்டேர் பரப்புள்ள அவ்வெளி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஓடுபாதையில் மிதிவண்டி ஓடிற்று. ஓரத்தே கத்தரியும் தக்காளியும் விளைந்தன. மாநகர அரசு அதன் விளிம்புகளில் ஏறத்தாழ 4,700 குடியிருப்புகளும் ஒரு பெருநூலகமும் எழுப்பக் கருதியது. 2014 மே 25-இல் மக்கள் இதனை மறுத்தனர். ஆதரவு 64 விழுக்காடு. வாக்குரிமையுடையோருள் ஏறத்தாழ 30 விழுக்காடு.

இரு முறையும் வாக்களித்தோருள் பெரும்பான்மையோர் நிலத்தின் நிலைமை மாறலாகாது என்றே கூறினர் என்பது நோக்கற்பாலது. முன்னது தோற்றது, பின்னது வென்றது. விதி ஒன்றே. 2014-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்தமையால் வாக்குச் சாவடிக்கு வந்தோர் மிகுந்தனர். இதனை விடுத்து, மக்கள் மனமாற்றம் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வாடகை உயரும் என்ற அச்சமும், அரசு தரும் உறுதிமொழியில் நம்பிக்கையின்மையும் துணைக் காரணங்களாகலாம்.

திடலை வெற்றுநிலம் எனக் கருதியோர்க்கு மண்ணே விடை தந்தது. 2012 முதல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத் தொல்லியலார் நிகழ்த்திய அகழாய்வில், வலிந்து உழைப்பிக்கப்பட்டோர் தங்கிய குடில்களின் அடித்தளங்களும் அவர்தம் அன்றாடப் பொருள்களும் வெளிப்பட்டன. 2015-இல் ஏதிலியர் நிலையக் கூடங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்க்கெனத் திடலின் ஓரங்களில் தற்காலிகக் குடில் அமைக்க, மக்கள் வாக்கால் நிறைவேறிய சட்டத்தை மாநகர மன்றம் 2016-இல் திருத்திற்று.