இரானி ஓட்டல்களின் வாடகைக் கணக்கு

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மாட்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்தால், ரசம் சரியில்லை என்று ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "பேசாம வேலைய விட்டுட்டு ஒரு சின்ன மெஸ் போட்டுடலாம்டா. நல்ல சாப்பாடு போட்டா கூட்டம் தானா வரும்!" இந்த வசனத்தை ஒரு தடவையாவது சொல்லாத தமிழ் சாஃப்ட்வேர் ஆசாமி மும்பையில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நல்ல சாப்பாடு போட்டால் கூட்டம் வரும், சரி. கூட்டம் வந்தால் கடை நிற்குமா? இதற்குப் பதில் வேண்டுமென்றால் இந்த ஊர் இரானி ஓட்டல்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1950களில் மும்பையில் சுமார் 350 இரானி ஓட்டல்கள் இருந்தன என்பது பத்திரிகைகளில் அடிக்கடி வரும் கணக்கு. இன்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் சில கைகளோடு முடிந்துவிடும். மற்றவை எல்லாம் டீ நன்றாக இல்லாததால் மூடப்பட்டவை அல்ல. அதுதான் விஷயமே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இரானிகளும் பார்சிகளும் ஒன்றல்ல. பார்சிகள் ஆயிரம் வருடங்களுக்கு மேல் முன்பே குஜராத் கரையில் வந்து இறங்கியவர்கள். இரானிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பெரும்பாலோர் ஜொராஸ்ட்ரிய மதத்தினர். இரானிய முஸ்லிம்களும் சிலர் ஓட்டல் நடத்தினார்கள். கையில் பெரிய முதல் கிடையாது. ஊரிலே பரம்பரை வியாபாரமும் கிடையாது.

அப்படிப்பட்டவர்களுக்கு எப்படி ஊரின் நல்ல நல்ல தெருமுனைகள் எல்லாம் கிடைத்தன? முனைக்கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுக்கிவிட்டார்கள், இரானிகள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, முனையின் லாபம் நிஜம். இரண்டு தெருவுக்கு வாசல், இரண்டு பக்கமும் வெளிச்சம், காற்று. மெட்ரோ சினிமா பக்கம் 1904இல் வந்த கியானி, கிராண்ட் ரோடு ஸ்டேஷன் எதிரே 1914இல் வந்த பி. மெர்வான், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளில் 1932இல் வந்த கூலர் என்று எதை எடுத்தாலும் ஆள் நடமாட்டத்துக்குப் பஞ்சமில்லாத இடம்.

உள்ளே பளிங்குப் பலகை போட்ட மேசை, வளைந்த மர நாற்காலி, சுவரெல்லாம் கண்ணாடி, கல்லாவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் ஜாடிகள். டீ, வெண்ணெய் தடவிய பன் மஸ்கா, மொறுமொறு ப்ரூன், மாவா கேக், கீமா பாவ். பல கடைகளில் ஒரு பக்கம் சோப்பு, தீப்பெட்டி, முட்டை, ரொட்டி வியாபாரமும் நடக்கும். விடிவதற்கு முன்பே கடை திறந்துவிடும். ஏனென்றால் முதல் ஷிப்டுக்குப் போகும் மில் தொழிலாளி அப்போதுதான் வருவார். ஒரு அறையில் எட்டுப் பத்துப் பேர் தங்கும் ஊரில், ஒரு டீ விலைக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் கிடைக்கும் இடம் அதுதான். அந்த நாற்காலியில் மில்காரரும் உட்காரலாம், வக்கீலும் உட்காரலாம். ஜாதி கேட்க ஆள் கிடையாது. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல.

இனி கணக்குக்கு வருவோம். கீழே வரும் எண்கள் புரிவதற்காக நானாகப் போட்டவை. 40 நாற்காலி. ஒருவர் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். கடை 12 மணி நேரம் திறந்திருக்கிறது. எப்போதும் பாதி நாற்காலி நிறைந்திருக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 320 பேர். எல்லோரும் வெறும் 20 ரூபாய் டீ மட்டும் குடித்தால் மாதம் 1,92,000 ரூபாய் கல்லாவில் விழும். பால், சர்க்கரை, கேஸுக்குப் பாதி போகட்டும். மீதி 96,000. ஆளுக்கு 15,000 வீதம் ஆறு பேருக்குச் சம்பளம் 90,000. மிச்சம் 6,000 ரூபாய். இதில்தான் வாடகை, கரண்டு, உடைந்த கிளாஸ், முதலாளி வீட்டுச் செலவு எல்லாம்.

அதே ஆள் பன் மஸ்கா, ஆம்லெட் என்று சேர்த்து 60 ரூபாய்க்குச் சாப்பிட்டால்? மாதம் 5,76,000. அதே மாதிரி செலவு போக மிச்சம் 1,98,000. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தெற்கு மும்பை முனையில் ஆயிரம் சதுர அடியை இன்றைய ரேட்டுக்கு வாடகைக்கு எடுத்தால், சதுர அடிக்கு 300 ரூபாய் என்று வைத்தால்கூட மூன்று லட்சம். தீர்ந்தது கதை. அந்த ஓட்டல்களில் 'ரொம்ப நேரம் உட்காராதே' ரக அறிவிப்புப் பலகைகள் தொங்கியதற்கு இந்த நாற்காலிக் கணக்குதான் காரணம். பஸ்தானி ஓட்டலின் பலகையை வைத்து நிசிம் எசக்கியேல் ஆங்கிலத்தில் ஒரு கவிதையே எழுதினார். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு அது சிரிப்பு சமாச்சாரமாக இருந்திருக்காது.

அப்புறம் எப்படி இத்தனை காலம் ஓடியது? 1947இல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1940 செப்டம்பர் 1ஆம் தேதி ஓர் இடத்துக்கு என்ன வாடகையோ, அதையே அடிப்படையாக வைத்து வாடகையை உறைய வைத்தது. யுத்தகாலத்து விலைவாசியில் குடியிருப்பவர்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு ஐம்பது வருடங்களுக்கு மேல் நீடித்தது. டீ விலை ஏறியது, பால் விலை ஏறியது, சம்பளம் ஏறியது. வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இரானி ஓட்டலில் மலிவு விலைக்கு டீ கொடுத்தது பாதி முதலாளி என்றால், மீதி கட்டடக்காரர்!

கட்டடக்காரர் சும்மா இருப்பாரா? வருகிற வாடகை பெயின்ட் அடிக்கக்கூடக் காணாது. அதனால் ரிப்பேர் செய்யமாட்டார். கட்டடம் ஒழுகும். இன்னொரு பக்கம் 'பக்டி' வளர்ந்தது. (நம் தமிழில் பகடி என்றால் கேலி. இங்கே அது தலைப்பாகை!) மாத வாடகை பெயருக்கு இருக்கும். ஆனால் குடியிருக்கும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க லட்சக்கணக்கில் கைமாறும். கட்டடக்காரருக்கும் அதில் ஒரு பங்கு. சட்டப்படி கூடாது, ஆனால் ஊர் முழுக்க நடந்தது. 1999ஆம் வருட மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் 2000 மார்ச் 31இல் நடைமுறைக்கு வந்தது. வருடத்துக்கு 4 சதவீதம் வாடகை ஏற்றலாம் என்றது. அதோடு வங்கிகளுக்கும், ஒரு கோடி அல்லது அதற்கு மேல் மூலதனம் உள்ள கம்பெனிகளுக்கும் வாடகைப் பாதுகாப்பு கிடையாது என்றது. இதன் அர்த்தம் என்ன? பழைய இரானி இருக்கும்வரை கட்டடக்காரருக்குச் சில்லறை. அவர் கிளம்பி ஒரு வங்கி வந்தால் மார்க்கெட் வாடகை.

இப்போது கல்லாவில் இருக்கும் மூன்றாம் தலைமுறை ஆளின் நிலைமையை யோசியுங்கள். தாத்தா இரண்டு கூட்டாளிகளோடு ஆரம்பித்த கடை என்றால், இன்றைக்குப் பங்குக்காரர்கள் பதினைந்து பேர். அதில் பாதிப் பேர் வெளிநாட்டில். தினமும் விடியற்காலை எழுந்து பன்னுக்கு வெண்ணெய் தடவி வருடம் முழுக்கச் சம்பாதிப்பதைவிட, உரிமையை ஒரே கையெழுத்தில் விட்டுக்கொடுத்தால் பல மடங்கு கிடைக்கும். பஸ்தானி 2004இல் மூடியது. இன்னும் எத்தனையோ முனைகளில் மருந்துக்கடை, வங்கி, பர்கர் கடை. சின்ன ஓட்டலுக்கு எதிரி எதிர்த்த ஓட்டல் என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே எதிரி காலுக்குக் கீழே இருந்த தரைதான். காப்பாற்றிய வாடகைதான் கடைசியில் கழுத்தைப் பிடித்தது.

இதற்கிடையில் வாடிக்கையாளரும் போய்விட்டார். 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். முறையாக முடிவுக்கு வராமலே மில்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. லால்பாக், பரேல் பக்கம் விடியற்காலை டீக்கு வந்த கூட்டம் அதோடு கரைந்தது.

சரி, தப்பித்தவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? பெரும்பாலும் வெறும் டீயை நம்பாதவர்கள். கியானி, சசானியன் போன்றவை சொந்தமாக பேக்கரி வைத்திருந்தவை. மாவா கேக்கைப் பொட்டலம் கட்டி வாங்கிப் போகிறவர் நாற்காலியில் உட்காருவதில்லை! பல்லார்ட் எஸ்டேட் பிரிட்டானியா இன்னொரு வழி. 1923இல் ஆரம்பித்த கடை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் இடத்தை எடுத்துக்கொண்டு பிறகு திருப்பிக் கொடுத்தது. 1982இல், இரானில் இருந்து வந்த பச்சன் கோஹினூர் அம்மாள் பெர்ரி புலாவைக் கொண்டுவந்தார். இரானிலிருந்து தருவிக்கும் புளிப்புப் பழம் போட்ட புலாவ். சுற்றிலும் ஆபீஸ் கூட்டம். மதியச் சாப்பாடு மட்டும் போட்டால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அவருடைய கணவர் போமன் கோஹினூர் 2019இல் 97 வயதில் காலமாகும்வரை மேசை மேசையாக வந்து என்ன வேண்டும் என்று கேட்பவர்.

மாட்டுங்காவில் 1942இல் ஏ. ராமா நாயக் ஆரம்பித்த உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இதே சட்டம், இதே ஊர், ஆனால் வேறு கணக்கு. மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. தெருமுனை கிடையாது. டோக்கன் வாங்கி, முறை வந்ததும் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தால் அடுத்தவர் தயார். சாப்பிட்ட பிறகு அங்கே அரட்டை அடிக்க யாருக்கும் தோன்றாது. நாற்காலி சும்மா இருப்பதில்லை. அதனால் உடுப்பிக்காரர் கெட்டிக்காரர், இரானி ஏமாளி என்று அர்த்தமில்லை. உட்கார இடம் கொடுப்பதே இரானியின் சரக்கு. அதற்குத் தனியாக பில் போட முடியாமல் போனதுதான் பிரச்சனை.

ஆக, மெஸ் போட நினைக்கும் அன்பர்களே, சாம்பார் எந்த ஊர்ப் பக்குவம் என்று சண்டை போடுவதற்கு முன் நாலு கேள்வி. இடம் யாருடையது, எத்தனை வருட ஒப்பந்தம்? ஒரு நாற்காலி ஒரு நாளைக்கு எத்தனை பேரை உட்கார வைக்கும்? எதிரே இருக்கும் ஆபீசோ மில்லோ மூடினால் யார் வருவார்கள்? உங்களுக்குப் பிறகு கல்லாவில் யார்? நாலுக்கும் பதில் இருந்தால் சொல்லியனுப்புங்கள், முதல் பந்திக்கு நான் வருகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். மும்பை வந்தால் மிச்சமிருக்கும் ஏதாவது ஓர் இரானி ஓட்டலுக்குப் போங்கள். டீயோடு நிறுத்தாமல் ஒரு ப்ரூன் மஸ்காவும் கீமாவும் சொல்லுங்கள். கிளம்பும்போது வீட்டுக்கு அரை டஜன் மாவா கேக் கட்டித் தரச் சொல்லுங்கள். வாசலில் ஆள் நின்றால், கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள்.